விழித்த கண்ணும் திரும்பாத நினைவும்: மூளைக் காயத்துக்குப் பின் மின்தூண்டல்



தலைக்காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். அது பெரிய பரப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கடுமையாக அடிபட்டு, அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்து, கண்ணும் திறந்துவிட்டது. ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவதில்லை. இப்படிப் படுத்திருப்பவர்களுக்கு, மண்டையைத் திறக்காமல் வெளியிலிருந்தே மின்னோட்டமோ காந்தப்புலமோ செலுத்தி உதவ முடியுமா?

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. "டாக்டர், மூளைக்கு வெளியிலேயே கரண்ட் வச்சா எழுந்துடுவாங்களாமே, வீடியோவில் பார்த்தோம்" என்று கேட்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. கேட்பவர்கள் ஏற்கெனவே நகையை அடகு வைத்தவர்கள், நிலத்தை விற்றவர்கள். அவர்களுக்கு மழுப்பலான பதில் சொல்வது நியாயமில்லை. எனவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தூண்டல் சிலருக்கு உதவுகிறது, எல்லோருக்கும் இல்லை. உதவும்போதும் அளவாகவே உதவுகிறது. யாருக்கு உதவும் என்பது அவருக்குள் எவ்வளவு உணர்வு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

கோமா என்று ஊரில் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கோமா என்பது கண் மூடிய நிலை. பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிக்காது. அதற்குப் பிறகு கண் திறக்கிறது, தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வருகின்றன. ஆனாலும் சுற்றி நடப்பது தெரிவதற்கான அடையாளம் ஒன்றும் இல்லாமல் சிலர் நின்றுவிடுகிறார்கள். இந்த நிலையை 1972இல் பிரயன் ஜென்னட், ஃபிரெட் பிளம் என்ற இருவரும் லான்செட் இதழில் தனியாக வரையறுத்தார்கள். இன்று இதை விழிப்புண்டு, எதிர்வினை இல்லை என்ற நிலையாக மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதற்கு அடுத்த படியை 2002இல் ஜோசஃப் ஜியாசினோவும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்தார்கள். அதுதான் குறைஉணர்வு நிலை. இந்த நிலையில் இருப்பவர் சில நேரம் பார்வையால் தொடர்வார், சில நேரம் சொன்னதைச் செய்வார். காலையில் செய்ததை மாலையில் செய்யமாட்டார். அந்த ஏற்ற இறக்கம்தான் இந்த நிலையின் முகம். அதனாலேயே அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

எவ்வளவு தப்புகிறது? பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உணர்வே இல்லை என்று மருத்துவக் குழு ஒருமித்து முடிவுசெய்திருந்த 44 பேரை, கோமா மீட்சி அளவுகோல் என்ற முறைப்படியான பரிசோதனையால் மறுபடி பார்த்தார்கள். அவர்களில் 18 பேரிடம் உணர்வின் அடையாளம் இருந்தது. நூற்றுக்கு 41 பேர்! அனுபவமுள்ள மருத்துவர்கள், கூடிப் பேசி, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு அது.

அந்த அளவுகோலில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. கேட்டல், பார்த்தல், அசைவு, வாய், தொடர்பாடல், விழிப்பு என ஆறு பகுதிகள், மொத்தம் 23 மதிப்பெண். பார்வைப் பகுதியில் ஒரு சாதாரணக் கைக்கண்ணாடி பயன்படுகிறது. நோயாளியின் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தொலைவுக்குள், அவர் முகம் அவருக்கே தெரியும்படி பிடிக்க வேண்டும். பிறகு மெதுவாக வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே நகர்த்த வேண்டும். டார்ச் ஒளியையோ மருத்துவரின் விரலையோ பின்தொடராத கண்கள், தன் முகத்தைப் பின்தொடர்வதுண்டு. லியேஜ் குழுவே இதைத் தனியாக ஆராய்ந்து, கண்ணாடிதான் சிறந்தது என்று காட்டியது. நானும் வார்டில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தலைமாட்டை உயர்த்தி, தோளுக்கு இருபுறமும் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டுக் கண்ணாடியைப் பிடிக்கும்போது, அதுவரை உத்தரத்தையே வெறித்துக்கொண்டிருந்த கண்கள் கண்ணாடியில் நின்று, அதனோடு சேர்ந்து நகரும். அருகில் நிற்கும் தாய் வாயைப் பொத்திக்கொள்வார்.

ஒருமுறை பார்த்து முடிவுகட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து முறையாவது பார்க்க வேண்டும் என்பது ஆய்வுகள் தரும் பாடம். நம் மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது? காலை எட்டு மணி ரவுண்ட்ஸ். இரவெல்லாம் இருமி, சளி உறிஞ்சப்பட்டு, வலிப்பு மருந்தின் மயக்கத்தில் நோயாளி அயர்ந்து கிடக்கும் நேரம் அது. கட்டில் காலடியில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம், கேஸ் ஷீட்டில் முந்தின நாள் எழுதியதையே மறுபடி எழுதுகிறோம். மாலை நான்கு மணிக்கு அவர் தன் தங்கையைப் பார்த்தது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக்கை நீங்கள் அறிவீர்கள். 1973இல் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு மூளை சேதமடைந்த அவர், 2015 மே மாதம் இறக்கும் வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் இருந்தார். அவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7இல் தீர்ப்பளித்தது. கருணைக்கொலை பற்றிய சட்டக் கேள்விக்காகவே அந்தத் தீர்ப்பை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. நீதிமன்றம் அமைத்த மருத்துவர் குழு, உணர்வற்ற நிலைக்குரிய பெரும்பாலான அடையாளங்கள் அவரிடம் இருப்பதாகச் சொன்னது. அறையில் ஆட்கள் கூடினால் அவர் குரலெழுப்பித் தன் அமைதியின்மையைக் காட்டினார் என்ற விவரமும் அந்த வழக்கிலேயே பதிவாகியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், அவருக்கு விருப்பு வெறுப்பு உண்டு என்பதில் உறுதியாக இருந்தார்கள். உடனிருந்து பார்த்துக்கொள்பவர் சொல்வதை மருத்துவச் சான்றாக ஏற்க நாம் பழக வேண்டும். எதிர்பார்ப்பினால் அது சில நேரம் பிழைபடலாம். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அளவுகோல் இருக்கிறது. கேட்காமலே ஒதுக்குவதற்கு இல்லை.

கைகால் அசையாத உடலுக்குள்ளும் உணர்வு இருக்கக்கூடும் என்பதற்கு இன்னும் வலுவான சான்று 2006இல் வந்தது. சாலை விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண் ஒருவர். படுக்கையருகே செய்த பரிசோதனைகளில் எதிர்வினை இல்லை. இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழு அவரை ஸ்கேனருக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள், பிறகு உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்று சொன்னது. நலமானவர்களின் மூளையில் எந்தப் பகுதிகள் இயங்குமோ அதே பகுதிகள் அவருக்கும் இயங்கின. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக இணங்காத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மூளைக்குள் இணங்குவது தெரிந்தது.

இதைக் கேட்டுவிட்டு வார்டுக்குப் போகும் மருத்துவரும் உறவினரும் உடனே மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அந்தக் கட்டிலருகே நின்று சொத்துப் பிரிப்பதையும், "இதுக்கு அவர் போயே சேர்ந்திருக்கலாம்" என்பதையும் பேசாதீர்கள். புண்ணைச் சுத்தம் செய்யும்போதும், இறுகிய மூட்டை நீட்டும்போதும் வலி மருந்து கொடுங்கள்.

இனி தூண்டலுக்கு வருவோம். மூளையின் நடுவில் தாலமஸ் இருக்கிறது. விழிப்பையும் கவனத்தையும் தாங்கி நிற்பதில் அதன் மையப்பகுதிக்கும் நெற்றிப்பக்க மூளைக்கும் இடையிலான போக்குவரத்து முக்கியமானது. பரவலான காயத்தில் இவற்றை இணைக்கும் நரம்பிழைகள் அறுந்தும் தளர்ந்தும் போகின்றன. நியூயார்க்கின் நிக்கோலஸ் ஷிஃப் இதை ஒரு சுற்றாக விளக்கினார். ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் செல்களுக்கு எப்போதும் நிறைய உள்வரத்து வேண்டும். அது குறைந்தால் அவை அடங்கிப்போகும். அவை அடங்கினால், அவற்றின் கட்டுப்பாட்டில் இருந்த குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி கட்டவிழ்ந்து தாலமஸை அழுத்தும். தாலமஸ் அடங்க, நெற்றிப்பக்க மூளை இன்னும் மந்தமாகும். இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் உசுப்பினால் மொத்தமும் மேலெழலாம் என்பதே எல்லாத் தூண்டல் முறைகளுக்கும் அடிப்படை. 2007இல் ஷிஃப் குழு, தாக்குதலில் காயமடைந்து ஆறு ஆண்டுகள் குறைஉணர்வு நிலையில் இருந்த 38 வயது மனிதரின் தாலமஸில் மின்முனைகளைப் பொருத்தி, அவர் உணவை வாயால் உண்ணவும் பேசவும் முடிந்ததை நேச்சர் இதழில் காட்டியது. ஆனால் அது மண்டையைத் துளைக்கும் அறுவை சிகிச்சை. மூளை ஏற்கெனவே நொந்திருக்கும்போது அதை எல்லோருக்கும் செய்ய முடியாது.

வெளியிலிருந்து செய்வது எப்படி? அதிகம் ஆராயப்பட்டது நேர்மின்னோட்டத் தூண்டல். உள்ளங்கை அளவுள்ள இரண்டு பஞ்சு உறைகளை உப்புநீரில் நனைத்து, உள்ளே ரப்பர் மின்முனையைச் செருகி, ஒன்றை இடது நெற்றிக்கு மேலே முடிக்குள்ளும், மற்றொன்றை வலது புருவத்துக்கு மேலும் பட்டையால் கட்டுகிறார்கள். மின்கலத்தில் ஓடும் சிறு பெட்டி. அளவு 2 மில்லி ஆம்பியர், நேரம் 20 நிமிடம். தொடக்கத்தில் தோலில் லேசான குறுகுறுப்பு. முடிந்ததும் பஞ்சு இருந்த இடம் சற்றுச் சிவந்திருக்கும். அவ்வளவுதான். மனநோய்க்குத் தரும் மின் அதிர்ச்சிச் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதில் வலிப்பும் வரவழைக்கப்படுவதில்லை, மயக்க மருந்தும் இல்லை.

செலுத்தும் மின்னோட்டத்தில் பெரும்பங்கு தலைத்தோலிலேயே வழிந்துபோகிறது. மூளையை எட்டும் சிறு பங்கு நரம்புச் செல்லை நேரடியாக இயக்குவதில்லை. இயங்கக் காத்திருக்கும் செல்லை இன்னும் கொஞ்சம் எளிதாக இயங்கவைக்கிறது. தேரோட்டத்தில் பின்சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் வடம் பிடித்து இழுக்க ஆள் இருக்கும்போதுதான் அந்தத் தடியால் தேர் அசையும். இழுக்க ஆளில்லாத தேருக்குத் தடி போட்டுப் பயனில்லை.

இதை 2014இல் லியேஜில் ஒரேலி திபோ, ஸ்டீவன் லாரீஸ் ஆகியோரின் குழு தெளிவாகக் காட்டியது. 55 நோயாளிகள். ஒருநாள் உண்மையான தூண்டல், இன்னொரு நாள் போலித் தூண்டல். போலியில் சில நொடிகள் மட்டும் மின்னோட்டம் பாய்ச்சி நிறுத்திவிடுவார்கள். பரிசோதிப்பவருக்கும் எது எது என்று தெரியாது. குறைஉணர்வு நிலையில் இருந்த 30 பேரில் 13 பேர், உண்மையான தூண்டலுக்குப் பின் முன்பு காணாத ஓர் அடையாளத்தைக் காட்டினார்கள். சொன்னதைச் செய்வது, பொருளைக் கண்ணால் தொடர்வது போன்றவை அவை. எதிர்வினையற்ற நிலையில் இருந்த 25 பேரில் அப்படிக் காட்டியவர்கள் 2 பேர் மட்டுமே. பின்னர் படங்களை ஆராய்ந்தபோது, பலன் கண்டவர்களின் மூளையில் தூண்டிய இடமும் தாலமஸும் ஓரளவு பிழைத்திருந்தது தெரிந்தது.

அந்த 13 பேரின் முன்னேற்றம் நெடுநேரம் நிலைக்கவில்லை. ஒரே ஒரு முறை தூண்டியதன் பலன் அன்றோடு சரி. பிறகு ஐந்து நாள் தொடர்ந்து செய்து பார்த்தார்கள். 16 பேரில் 9 பேருக்குப் பலன் தெரிந்தது, சில நாட்கள் நீடித்தது. வீட்டிலேயே உறவினர் கையால் நான்கு வாரம் செய்யும் முறையையும் சோதித்தார்கள். ஆனால் பல மையங்கள் சேர்ந்து, 62 நோயாளிகளுக்கு நான்கு வாரத்தில் 20 முறை தூண்டல் கொடுத்து, 2023இல் வெளியிட்ட ஆய்வில் ஒட்டுமொத்தமாக உண்மைத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. குறைஉணர்வு நிலை போன்ற சில பிரிவினரிடம் மட்டும் மூன்று மாதம் கழித்து நன்மையின் அறிகுறி இருந்தது. இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் 2014 ஆய்வைச் செய்தவர்களும் உண்டு. தங்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அவர்களின் நேர்மையை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காந்தத் தூண்டலை 1985இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் அறிமுகப்படுத்தினார். இந்த நோயாளிகளிடம் சிகிச்சையாக அதன் பலன் உறுதியாகவில்லை. வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. ஆனால் பரிசோதனைக் கருவியாக அது மிகவும் பயனுள்ளது. மிலானின் மார்செல்லோ மாசிமினி குழு, காந்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்து, மூளை எழுப்பும் எதிரொலி எவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்று கணக்கிட்டு, உணர்வின் அளவை எண்ணாகச் சொல்லும் முறையை 2013இல் வெளியிட்டது. ஒலியலையைத் தாலமஸில் குவிக்கும் முறையில், 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் மார்ட்டின் மான்டி குழு ஓர் இளைஞர் வேகமாகத் தேறியதைப் பதிவுசெய்தது. அவர் தானாகவே தேறிக்கொண்டிருந்த காலமாகவும் அது இருக்கலாம் என்று மான்டியே எச்சரித்தார். அடிபட்ட முதல் மாதங்களில் எதைக் கொடுத்தாலும் சிலர் தேறுவார்கள். போலித் தூண்டலோடு ஒப்பிடாத எந்த வீடியோவையும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது நம் வார்டுக்கு வருவோம். தலைக்காய அறுவையில் வீக்கத்துக்கு இடம்விட மண்டையோட்டின் ஒரு பக்கத்தை எடுத்து, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்துவது இங்கே வழக்கம். அந்த எலும்பு இல்லாத இடத்தில் மின்னோட்டத்தின் பாதையே மாறிவிடும். நலமான மண்டைக்கு வகுத்த அளவு அவருக்குப் பொருந்தாது. மூளைநீரை வடிக்கும் ஷன்ட், உலோகத் தகடு, அடிக்கடி வரும் வலிப்பு, இவை எல்லாமே முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை. இணையத்தில் வாங்கிய கருவியை வீட்டில் தாங்களாகவே கட்டிப் பார்ப்பது வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தூண்டலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. மூளைநீர் தேங்கியிருக்கிறதா? வெளியில் தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா? மூளையின் மின்பதிவான இஇஜி எடுத்தால்தான் அது தெரியும். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தைராய்டு? வலிப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் மருந்துகளே அவரை மயக்கத்தில் வைத்திருக்கின்றனவா? இவற்றில் ஒன்றைச் சரிசெய்ததுமே கண்ணில் தெளிவு வந்த நோயாளிகள் உண்டு. மருந்தில் அமன்டடினுக்கு நல்ல சான்று இருக்கிறது. 184 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், அதை நான்கு வாரம் பெற்றவர்கள் அந்தக் காலத்தில் வேகமாகத் தேறினார்கள். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2018 வழிகாட்டுதல், விபத்துக் காயத்துக்குப் பின் 4 முதல் 16 வாரத்துக்குள் இதைப் பரிந்துரைக்கிறது. வெளித்தூண்டல் முறைகளுக்கு அப்படிப் பரிந்துரைக்கும் அளவு சான்று அதற்குக் கிடைக்கவில்லை. முதல் 28 நாட்களுக்குள் 'இனி ஒன்றுமில்லை' என்ற தொனியில் குடும்பத்திடம் பேசக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் மருத்துவர்களுக்குச் சொல்கிறது.

ஆகவே நேர்மின்னோட்டத் தூண்டலை நான் ஒதுக்கவில்லை. குறைஉணர்வு நிலை உறுதியானவர்களுக்கு, அறநெறிக் குழுவின் ஒப்புதலோடு, கட்டணம் வாங்காமல், ஆய்வாக இதை நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் செய்ய வேண்டும். கருவி எளியது, ஆபத்து குறைவு, நோயாளிகள் நம்மிடம் ஏராளம். நம் நோயாளிகளிடம் என்ன பலன் என்பதை நாமே அளந்தால்தான் தெரியும். ஆனால் பலனை உறுதியாகச் சொல்லி, பத்து முறைக்கு இவ்வளவு, இருபது முறைக்கு இவ்வளவு என்று தொகுப்பாக விற்பதை இன்றைய சான்று அனுமதிக்காது.

குடும்பத்தினருக்கு என் வேண்டுகோள் இது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கட்டிலருகே வையுங்கள். என்ன நேரம், யார் அருகில் இருந்தார்கள், என்ன சொன்னீர்கள், அவர் என்ன செய்தார் என்பதை அன்றன்றே எழுதுங்கள். முடிந்தால் செல்போனில் படம் பிடியுங்கள். தூண்டல் செய்யலாம் என்று யாராவது சொன்னால், "கோமா மீட்சி அளவுகோலில் எத்தனை முறை பார்த்தீர்கள், எத்தனை மதிப்பெண்?" என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். மருத்துவ மாணவர்களுக்கும் இயன்முறைச் சிகிச்சையாளர்களுக்கும் சொல்வது: அந்த அளவுகோலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கைக்கண்ணாடியும், நோயாளி நன்றாக விழித்திருக்கும் அரை மணி நேரமும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஐந்து முறை பார்ப்பதற்கு முன்னால் எந்தக் கேஸ் ஷீட்டிலும் 'உணர்வில்லை' என்று எழுதாதீர்கள்.